மில்லர் துரையும் எடின்பரோ மகாசபையும்

மலர்க் குழுவினர் போன் செய்து, கல்லூரி பற்றி ஏதாவது எழுதித் தாப்பா என்று கேட்டபோது உள்ளபடியே எனக்குத் தயக்கம்தான். நான் எழுத்தாளன் இல்லை. தாம்பரத்தில் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து, இன்று பாலம், மதகு என்று கான்கிரீட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சாதாரண எஞ்சினியர். ஆனாலும் ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன். குற்றம் குறை இருந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம் சித்தையன்கோட்டை. செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி ஊருக்குள் பரவியதும், தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் எங்கள் அத்தாவை வழியில் நிறுத்தி, மிஷன் காலேஜில் சேர்க்கிறாயே, பையனை அவர்கள் பக்கம் இழுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டாராம். அத்தா என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

விடுதியில் இருந்த நாட்களில் மில்லர் நினைவு நூலகத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும், யார் இந்த மில்லர் என்று தோன்றும். பரீட்சைக்குப் படிக்கத்தான் நேரம் இருந்தது, மில்லரைப் படிக்க நேரம் இல்லை. வேலைக்குப் போன பிறகுதான் தேடிப் படித்தேன். அப்போது ஒன்று புரிந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை மதராஸில் அன்றைக்கே ஆயிரம் பேர் மில்லர் காலத்திலும் அதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிரான கேள்வி ஒன்றை ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்தச் சபையாரே கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று நாற்பத்தைந்து வருஷம் ஒரு மனிதர் கல்லூரி நடத்தியிருக்கிறார். அவர் கதைதான் இது.

வடகோடி ஊர்ப் பையன்

வில்லியம் மில்லர் 1838 ஜனவரி 13 அன்று ஸ்காட்லாந்தின் வடகோடியில் கெய்த்னஸ் பகுதியில் தர்ஸோ என்ற கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தெருவில் பாவும் தளக்கல்லுக்குப் பேர்போன வட்டாரம் அது. அபர்டீனில் பட்டப்படிப்பு முடித்து, எடின்பரோவில் உள்ள நியூ காலேஜில் இறையியல் படித்தார்.

மில்லரைப் புரிந்துகொள்ள அவர் வளர்ந்த சபையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. மூப்பர்கள் என்று சபையார் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களும் போதகரும் சேர்ந்துதான் நிர்வாகம். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து, பல ஊர் சேர்ந்து ஒரு யூனியன், அதற்கு மேல் மாவட்டம் என்று அடுக்கடுக்காகப் போகும். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஜெனரல் அசெம்பிளி என்ற மகாசபை. வருஷத்துக்கு ஒரு தடவை மே மாதத்தில் எடின்பரோவில் தேசமெங்கும் இருந்து போதகர்களும் மூப்பர்களும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு மாடரேட்டர் என்று பெயர். அவருக்குப் பதவி ஒரே ஒரு வருஷம்தான். அடுத்த மே வந்தால் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

நம்பிக்கை விஷயத்தில் கறாரான ஆட்கள். வேதப்புத்தகமே முடிவான அதிகாரம். அதற்கு அடுத்தபடி 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார் என்பது அதில் உள்ள ஒரு முக்கியமான கோட்பாடு. ஞாயிற்றுக்கிழமை வேலை, விளையாட்டு எதுவும் ஆகாது. ஆராதனையில் பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்களை வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடுவது அவர்கள் மரபு. எல்லாவற்றுக்கும் மேலாக, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, ராஜாவோ ஜமீனோ அதில் தலையிடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரிய வெடிப்பு வந்தது. ஒரு ஊருக்குப் போதகரை நியமிக்கும் உரிமை அந்த ஊர்ப் பண்ணையார் கையில் இருந்தது. சபையார் வேண்டாம் என்றாலும் அவர் வைத்ததுதான் சட்டம், கோர்ட்டும் அவர் பக்கம். 1843 மே 18 அன்று எடின்பரோவில் மகாசபை கூடியபோது, ஆட்சேபத்தை வாசித்துவிட்டு ஒரு பெரும் கூட்டம் எழுந்து வெளியே நடந்தது. டான்ஃபீல்ட் என்ற இடத்தில் போய்க் கூடி, தாமஸ் சாமர்ஸ் என்பவரை மாடரேட்டராகத் தேர்ந்தெடுத்து, ஃப்ரீ சர்ச் என்ற தனிச்சபையை ஆரம்பித்தார்கள். மொத்தம் 1200 போதகர்கள் இருந்த நாட்டில் சுமார் 470 பேர் சம்பளம், வீடு, தேவாலயம் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தார்கள். அன்றைக்கு மில்லருக்கு ஐந்து வயசு. கொள்கைக்காகக் கூரையை விட்டு வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

மதராஸில் ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் பக்கம் மதராஸில் என்ன நடந்தது? எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் ஸ்காட்டிஷ் போதகர்கள் 1835ல் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். 1837ல் ஜான் ஆண்டர்சன் வந்து அதை ஏற்றுக்கொண்டார். நம் ஆண்டர்சன் அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்ததற்காக மேல்சாதிப் பெற்றோர் தகராறு செய்தபோது, போகிறவர்கள் போகலாம், இந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது என்று நின்றவர் அவர். 1841ல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொதித்தது. பெற்றோர் கூட்டம் கூட்டமாக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வகுப்புகள் காலி. மிஷன் பள்ளிக்கு மாற்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருந்த அந்தச் சமயத்தில்தான், 1842ல், பச்சையப்பன் பள்ளியும் தொடங்கியது. ஆக, எங்கள் ஊர்ப் பெரியவரின் கேள்வி அன்றைக்கே மதராஸ் தெருக்களில் சத்தமாகக் கேட்கப்பட்ட கேள்விதான்.

1843 பிளவின்போது ஆண்டர்சனும் கூட்டாளிகளும் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். பள்ளியும் அவர்களோடு போனது. 1855ல் ஆண்டர்சன் காலமானார். பிறகு நிறுவனம் சோர்ந்துபோய்க் கிடந்தது. அந்த நிலைமையில் 1862 டிசம்பரில் கப்பலைவிட்டு இறங்கினார் மில்லர். வயசு 24. அனுபவம் ஒன்றும் பெரிதாக இல்லை. வந்த கொஞ்ச நாளில் மொத்தப் பொறுப்பும் தலையில் விழுந்தது.

அவர் முதலில் செய்தது படிப்பின் தரத்தை உயர்த்தியது. 1860களிலேயே கல்லூரி வகுப்புகளைக் கொண்டுவந்தார். பிறகு ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். ஒவ்வொரு மிஷனும் தனித்தனியாகச் சின்னச் சின்னக் கல்லூரி நடத்துவதைவிட, எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய கல்லூரி நடத்தலாமே என்றார். ஆங்கிலிகன் மரபைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சொசைட்டியும் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனும் கைகொடுத்தன. 1877ல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. பிஷப்பே வேண்டாம் என்று வந்த சபையின் ஆள், பிஷப் உள்ள சபையோடு ஒரே கூரையின் கீழ் பாடம் நடத்தினார் என்றால் அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பாரிமுனைப் பக்கம் எஸ்பிளனேடில் கல்லூரி வளர்ந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்க விடுதிகள் வந்தன. 1883ல் கல்லூரிப் பத்திரிகை வந்தது. மில்லர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சொந்தக் குடும்பத்துப் பணத்தைக் கல்லூரிக் கட்டடங்களில் கொட்டினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்துவதில் அவருக்கு இணை கிடையாது என்று பெயர். லியர், மெக்பெத், ஹாம்லெட், ஒதெல்லோ பற்றிய அவர் சொற்பொழிவுகள் புத்தகங்களாகவே வந்தன. 1882ல் ஹன்டர் கமிஷன் என்ற இந்தியக் கல்விக் கமிஷனில் உறுப்பினர். மதராஸ் சட்டசபையில் உறுப்பினர். 1901 முதல் 1904 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

எத்தனை பேர் ஞானஸ்நானம்?

இப்போது அந்த எதிர்க் கேள்விக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும் ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் போட்ட பென்னியில்தான் மிஷன் ஓடியது. இத்தனை பணம், இத்தனை வருஷம், இதில் எத்தனை பேர் கிறிஸ்தவரானார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்தால் விடை சங்கடமாக இருந்தது. மில்லர் காலத்தில் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே.

மில்லர் கணக்கை மறைக்கவில்லை. தன் கல்லூரியின் வேலை அறுவடை இல்லை, நிலத்தைப் பண்படுத்துவது என்று வாதிட்டார். கிறிஸ்தவச் சிந்தனை இந்திய மனசுக்குள் மெல்ல ஊற வேண்டும், அது தலைமுறைக் கணக்கு, ஆண்டறிக்கைக் கணக்கு இல்லை என்பது அவர் கட்சி. இதைச் சபையில் பலர் ஏற்கவில்லை. தொண்டர் வேலைக்கு அனுப்பினால் வாத்தியார் வேலை பார்க்கிறார் என்று பேச்சு எழுந்தது.

மதராஸிலும் நிம்மதி இல்லை. 1888ல் ஒரு மாணவர் கிறிஸ்தவராக விரும்பிய விவகாரத்தில் கல்லூரியில் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். பாருங்க, எடின்பரோவில் மாற்றவில்லையே என்று திட்டு. மதராஸில் மாற்றிவிடுகிறார் என்று திட்டு. ஒரே மனிதருக்கு, ஒரே சமயத்தில்!

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பாலத்தை இரண்டு கரையிலும் இறுக்கிக் கட்டிவிட்டால் வெயிலில் விரியும்போது வெடித்துவிடும். அசைய இடம்விட்டுத்தான் தாங்க வைக்க வேண்டும். மில்லர் அப்படித்தான் நின்றார் என்று எனக்குப் படுகிறது. வேத பாட வகுப்பை அவர் நிறுத்தவில்லை, எல்லா மாணவரும் அதில் உட்காரத்தான் வேண்டும். அதே சமயம் கல்லூரியின் வெற்றியை ஞானஸ்நானத் தொட்டியை வைத்து அளக்கவும் சம்மதிக்கவில்லை.

1896 மே

அந்தச் சமயத்தில் ஃப்ரீ சர்ச்சுக்குள்ளேயே புயல். பழைய விசுவாச அறிக்கையைக் கொஞ்சம் தளர்த்தி வாசிக்க இடம் தரும் சட்டம் ஒன்று 1892ல் மகாசபையில் நிறைவேறியது. இது அஸ்திவாரத்தையே அசைக்கிறது என்று சொல்லி, 1893ல் ஹைலண்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு கூட்டம் பிரிந்து ஃப்ரீ பிரஸ்பிட்டேரியன் சபை என்று தனியாகப் போனது.

மூன்று வருஷம் கழித்து, 1896 மே மாதம், அதே மகாசபை மாடரேட்டர் நாற்காலிக்கு அழைத்தது மதராஸ் மில்லரை. குன்றின் மேல் இருக்கும் அந்தச் சபை மண்டபத்தை ஒட்டினாற்போலத்தான் அவர் மாணவராகப் படித்த நியூ காலேஜ். மாணவராக நடந்த வாசலுக்குப் பக்கத்தில் 58 வயதில் சபைத் தலைவராக உட்கார்ந்தார். மிஷனரிக்கு இந்த மரியாதை புதுசு இல்லை. கல்கத்தாவின் அலெக்சாண்டர் டஃப் இரண்டு தடவை அந்த நாற்காலியில் இருந்தவர். ஆனால் மில்லர் விஷயம் வேறு. தன் முறையைப் பற்றி வருஷக்கணக்கில் விவாதம் நடந்த சபைக்கே அவர் தலைவரானார். எல்லாரும் அவர் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கருத்தை ஏற்காதவர்களும் மனிதரை மதித்தார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

வருஷம் முடிந்ததும் திரும்ப மதராஸ், திரும்ப வகுப்பறை.

பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1900ல் ஃப்ரீ சர்ச்சின் பெரும்பான்மையினர் இன்னொரு சபையோடு இணைந்து யுனைடெட் ஃப்ரீ சர்ச் ஆனார்கள். மில்லரும் கல்லூரியும் அவர்களோடு. ஆனால் 27 போதகர்கள் மட்டும் நாங்கள்தான் உண்மையான ஃப்ரீ சர்ச் என்று மறுத்து, கேஸ் போட்டார்கள். 1904 ஆகஸ்டில் லண்டன் பிரபுக்கள் சபை அந்தச் சிறுபான்மைக்கே முழுச் சொத்தும் உரியது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய கொள்கையை விட்டு விலகியவர்களுக்குப் பழைய சொத்தில் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தேவாலயம், காலேஜ், மிஷன் நிதி எல்லாமே ஊசலாடின. அடுத்த வருஷம் பார்லிமென்ட் தனிச் சட்டம் போட்டு நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தது. அந்தச் சின்ன ஃப்ரீ சர்ச் இன்றும் இருக்கிறது, இன்றும் எடின்பரோவில் மகாசபை கூட்டுகிறது. சங்கீதத்தோடு மற்றப் பாடல்களும் வாத்தியமும் சேர்க்கலாம் என்று அவர்கள் அனுமதித்ததே 2010ல்தான்!

நம் பக்கமும் அந்த மரபு ஓடி வந்திருக்கிறது. 1908ல் தென்னிந்தியாவின் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரகேஷனல் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையானது. எங்கள் திண்டுக்கல்லில் வேலை செய்த அமெரிக்க மதுரை மிஷனின் சபைகளும் அதில் சேர்ந்தவைதான். 1947ல் அதுவும் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து சி.எஸ்.ஐ. உருவானது. 1877ல் மில்லர் ஒரு கல்லூரிக்குள் செய்து பார்த்ததை, எழுபது வருஷம் கழித்து சபைகளே செய்தன.

கண்டது அவர் விதைத்ததா?

மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலிருந்து வந்து இங்கே பி.ஏ. படித்தவர் சூரியநாராயண சாஸ்திரி. தமிழ்மேல் இருந்த பற்றால் பெயரையே தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். நம் கல்லூரியிலேயே தமிழ்ப் பேராசிரியரானார். 1902ல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடும் யோசனை வந்தபோது, பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து ஊர் ஊராக ஆதரவு திரட்டி எதிர்த்தார். தமிழ் தப்பியது. அன்றைக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் யார்? சாட்சாத் அவருடைய பிரின்சிபால் மில்லரேதான். 1903ல் முப்பத்து மூன்று வயதில் காலமாகும்வரை சாஸ்திரி இதே கல்லூரியில்தான் இருந்தார்.

மில்லரின் கடைசி வருஷங்களில் இங்கே மாணவராக இருந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். இந்து மதத்தைப் பற்றி இங்கே கேட்ட விமர்சனம் அவரை உறுத்தியது. அந்த உறுத்தலே அவரை வேதாந்தத்துக்குள் ஆழமாகப் போகவைத்தது. எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றித்தான் ஆய்வுரை எழுதினார். கிறிஸ்தவக் கல்லூரியில் இந்து தத்துவத்தை ஆதரித்து ஒரு மாணவர் எழுத முடிந்தது, அது ஏற்கப்பட்டது. எடின்பரோ மூப்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டிருந்தால் தலையில் கை வைத்திருப்பார். எனக்கு இதுதான் கல்லூரியின் பெருமையாகத் தெரிகிறது.

மில்லரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. மேல்தட்டு இளைஞர்களைப் படிக்க வைத்தால் அறிவு தானாகக் கீழே இறங்கும் என்று அவர் நம்பினார். தண்ணீர் அப்படி இறங்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை கம்மாய்ப் பாசனம் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆண்டர்சன் காட்டிய அந்தப் பிடிவாதம், அந்தக் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்காக நிற்பது, மில்லர் காலத்தில் பின்னுக்குப் போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் மாணவர்கள் அவரை மறக்கவில்லை. 1901ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, எஸ்பிளனேடில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்குப் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் மதம் மாறாத மாணவர்கள்தான். 1907ல் அவர் இந்தியாவைவிட்டுக் கிளம்பினார். 1923 ஜூலையில் எடின்பரோவில் காலமானார். பதினான்கு வருஷம் கழித்து, 1937ல், கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. நாம் நடந்த அந்த மரத்தடிகளை மில்லர் பார்த்ததே இல்லை.

சரி, எங்கள் அத்தா என்ன பதில் சொன்னார்? போகிறவன் என் மகன், அவனுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்றாராம். அத்தா மில்லரைப் பற்றி ஒரு வரி படித்தவர் இல்லை. ஆனால் இரண்டு கேள்விக்கும் சேர்த்து அவர் பதில் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று வருஷம் முடிந்து தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனபோது அந்தப் பெரியவரே என் தோளைத் தட்டி, தன் பேரனுக்கு அங்கே இடம் கிடைக்குமா, என்ன மார்க் வேண்டும் என்று விசாரித்தார்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை நூலகத்துக்குள் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பெயரைப் படியுங்கள். தான் நம்பியதைக் கடைசிவரை விடாமல், நம்பாத பிள்ளைகளுக்கும் கடைசிவரை பாடம் சொன்ன ஒருவர் பெயர் அது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் முன்னாள் மாணவர் சங்கம்!

— பொறியாளர், சித்தையன்கோட்டை
(முன்னாள் மாணவர், இயற்பியல் துறை)